பங்குத் தொடர்புக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நம் பங்கில், அதாவது நம் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், கோயில் செய்தி ஒரு வீடு விடாமல் போய்ச் சேரவேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டம் நம் குழுவிடம் கேட்டுக்கொண்டது. ஆண்டு முழுவதும் பெரும்பாலும் அந்த வேலைதான் நடந்தது.

நம் ஊர்ப்பக்கம் நகரத்தார் கோயில்களின் புள்ளிக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். திருமணமான கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. எந்தச் சீமையில் பிழைத்தாலும் பேர் கணக்கில் இருக்கும். நம் பங்கின் குடும்பப் பதிவேட்டையும் அதே கவனத்தோடு, அன்பியம் அன்பியமாக (அன்பியம் என்பது அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வீட்டுக்குப் போய்ப் புதுப்பித்தோம். அப்போது தெரிந்த முக்கியமான விஷயம் இது: பல வீடுகளுக்கு நம்மிடம் இருந்த எண் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்கும் மகனுடையது. திருப்பலி நேரம் மாறினால் அவருக்குத் தெரிந்துவிடும். இங்கே தனியாக இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு அன்பியத்துக்கு ஒருவர் நேரில் போய்ச் சொல்கிறார். இந்த ஆண்டில் நாம் செய்த நல்ல காரியம் இதுதான் என்பது என் கருத்து.

வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அடக்கத் திருப்பலி அறிவிப்பு காணாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது பொறுப்பாளர்கள் மட்டுமே அதில் பதிவிடுகிறார்கள். தனித்தனியாகச் செய்தி போக ஒலிபரப்புப் பட்டியலும் உண்டு. ஆனால் பங்கு அலுவலக எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அது வந்து சேரும். இன்னும் சேமிக்காதவர்கள் தயவுசெய்து இன்றே சேமித்துக்கொள்ளுங்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2025 பிப்ரவரியில் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்தே பொய்யான மரணச் செய்திகள் சுற்றிவந்தன. ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், உண்மைச் செய்தி வந்தபோது பலர் நம்பவில்லை. வத்திக்கான் செய்திப் பிரிவின் தமிழ்ப் பக்கத்தில் பார்த்து, பங்குத்தந்தையிடமும் கேட்டு உறுதி செய்த பிறகே மணி அடித்தோம், செய்தி அனுப்பினோம். அன்று முதல் இரண்டு இடத்தில் உறுதியாகாத எதையும் நாம் அனுப்புவதில்லை.

புதிதாக வருபவர்களையும் சொல்லவேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்க வருபவர்கள், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வெளிமாநிலத்திலிருந்து மாற்றலாகி வருபவர்கள், யாரையும் கேட்காமல் முதலில் கூகுள் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் திருப்பலி நேரத்தைச் சரிசெய்து வைத்தோம். ஞாயிறன்று வாசலில் இளைஞர் ஒருவர் நின்று புதியவரைப் பேர் கேட்டு வரவேற்கிறார். திருச்சபைக்கு விளம்பரம் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆள் பிடிப்பது நம் நோக்கம் அல்ல. தேடி வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக்கூடாது, அவ்வளவுதான். திருச்சபையே 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் சமூகத் தொடர்புக் கருவிகளுக்கென்று தனி ஆணை வெளியிட்டிருக்கிறது. 1967 முதல் அதற்கென்று ஒரு நாளும் கொண்டாடுகிறோம்.

திருவிழாவுக்கு அனுமதி பெறாமல் ஒரு பேனரும் வைக்கவில்லை. கொடியேற்றம், நவநாள், தேர்பவனி நேரங்களைக் கைப்பிரதியாக எல்லா மதத்தவர் வீடுகளுக்கும் கொடுத்தோம். தேர் வரும் தெருக்களில் இருப்பவர்களுக்கு அது முன்னமே தெரியவேண்டும்.

முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதத்தோடு மட்டும் வெளியிடுகிறோம். நோயாளிக்காகச் செபிக்கக் கேட்கும்போது பேர் போதும், நோய் வேண்டாம். இதில் இன்னும் கண்டிப்பு தேவை.

திருப்பலி முடிவில் அறிவிப்பு நீள்வது குறைந்திருக்கிறது. நடக்கவிருக்கும் திருமணங்களை அறிவிக்கும் திருமண ஓலையும் அந்த வாரச் செய்திகளும் மட்டும் வாசிக்கப்படுகின்றன. மற்றவை பெரிய எழுத்தில் வாசல் பலகையில் ஒட்டப்படுகின்றன.

வரும் ஆண்டில் கிளைக் கிராமங்களுக்கும் இதே பதிவேட்டு வேலை நடக்கவேண்டும். அங்கே பேருந்து குறைவு. இருசக்கர வாகனம் உள்ள இளைஞர்கள் பேர் கொடுத்தால் தவக்காலத்துக்கு முன் முடித்துவிடலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்,
பங்குத் தொடர்புக் குழு, காரைக்குடி