முதல் பருவ நிறைவும் அருங்காட்சியகப் பயணமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் எல்லா வகுப்புகளும் பங்கெடுத்தன. ஓவியம், கட்டுரை, வினாடி வினாப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போய்வந்த தற்காலக் கண்ணாடிக் கலைக் கண்காட்சி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கண்ணாடி என்றால் ஜன்னலும் டம்ளரும்தான் என்று நினைத்துக்கொண்டு போன பிள்ளைகள் அன்று வேறு ஓர் உலகத்தைப் பார்த்தார்கள். சுற்றிக் காட்டிய வழிகாட்டி பொறுமையாகச் சொல்லித் தந்தார். உலையில் 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் தேன்பாகு போல இளகிக் கிடக்கும் கண்ணாடியை ஒரு நீளமான இரும்புக் குழாயின் நுனியில் சுற்றி எடுப்பார்களாம். ஊதிக்கொண்டே, உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உருட்டுவதை நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். 1962-இல் அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்ற கலைஞர் நடத்திய பட்டறையைப் பற்றியும் சொன்னார். அதுவரை கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்குதான். வடிவம் வரைபவர் ஒருவர், ஊதிச் செய்பவர் வேறொருவர். சின்ன உலை ஒன்று இருந்தால் கலைஞரே தன் கூடத்தில் செய்துகொள்ளலாம் என்று காட்டியது அந்தப் பட்டறை. முதலில் போட்ட கலவை சரிப்படவில்லை. கண்ணாடித் தொழில்நுட்ப வல்லுநர் டொமினிக் லபினோ சொன்னபடி கண்ணாடிக் கோலிகளைப் போட்டு உருக்கிய பிறகுதான் வேலை நடந்தது. கோலி என்றதும் பிள்ளைகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“செஞ்சு முடிச்சதும் எடுத்துட்டுப் போயிடலாமா?” என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். முடியாது என்றார் வழிகாட்டி. செய்த பொருளை ஏறக்குறைய 500 டிகிரியில் இருக்கும் இன்னோர் உலையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், என்றைக்காவது ஒருநாள் தானாகவே விரிசல் விடும். சிறிய கிண்ணத்துக்கே பல மணிநேரம், பெரிய வார்ப்புக்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு. அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத் தொலைநோக்கிக்காக 1934-இல் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டை ஆறவைக்கவே சுமார் 10 மாதம் ஆனது. பையன் வாயடைத்து நின்றான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு வந்த அடுத்த அறையில்தான் அந்தச் சம்பவம்.

சற்று இருட்டான அறை அது. மேலிருந்து மெல்லிய கம்பிகளில் கண்ணாடி இலைகள் தொங்கின. சுவரோரமாக இடுப்புயரப் பீடங்களில் கிண்ணங்கள். தரையில் மஞ்சள் கோடு. துணைக்கு வந்த பெற்றோர் ஒருவர் தன் பிள்ளையை நிற்க வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “இன்னும் கொஞ்சம் பின்னாடி போ, இலை எல்லாம் தெரியட்டும்.” பிள்ளை பின்னால் போனான். கோட்டைத் தாண்டினான். முதுகிலிருந்த பை பீடத்தில் இடித்தது. மேலே இருந்த நீலக் கிண்ணம் ஒருமுறை ஆடி, பிறகு நின்றது. அறைக் காவலர் இரண்டு கைகளையும் கிண்ணத்தின் இரு பக்கமும் நீட்டியபடி அசையாமல் நின்றார். தொடவில்லை. ஆட்டம் நின்ற பிறகும் சிறிது நேரம் அப்படியே நின்றார். அவருடைய விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

ஒன்றும் உடையவில்லை, பிள்ளைக்கும் அடி இல்லை. அந்தப் பெற்றோரிடம் நேரிலேயே பேசிவிட்டேன். அவர் மனம் வருந்தினார், அது அத்தோடு முடிந்தது. யார் என்று தயவுசெய்து யாரும் விசாரிக்க வேண்டாம். ஏனென்றால் இது ஒருவர் தவறு மட்டும் இல்லை. அன்று குறைந்தது நான்கு இடங்களில் பெரியவர்களே கோட்டைத் தாண்டினார்கள். வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது போன் ஒலித்தது, பேச்சும் தொடர்ந்தது. “தொட்டுப் பாரு, ஒண்ணும் ஆகாது” என்று ஒருவர் சொன்னதையும் கேட்டேன். ஆகும். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்தத் தடத்தைப் போக்குவது பெரும்பாடு. ஃபிளாஷ் பட்டால் கண்ணாடி கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இருட்டறையில் வெளிச்சம் விழும் விதம்தான் படைப்பில் பாதி. ஒவ்வொரு ஃபிளாஷும் மற்ற நாற்பது பேர் பார்வையிலிருந்து அதை அழித்துவிடுகிறது.

2016-இல் உலகம் முழுக்கப் பரவிய ஒரு காணொளியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஷாங்காய் கண்ணாடி அருங்காட்சியகத்தில் ஷெல்லி ஷ்யூ என்ற கலைஞர், தன் மகள் பிறந்ததை ஒட்டி 27 மாதம் உழைத்துச் செய்த தேவதைச் சிறகுகள் சுவரில் இருந்தன. இரண்டு சிறுவர்கள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் அவற்றைப் பிடித்து இழுத்தார்கள். கூட வந்த பெரியவர்கள் தடுக்கவில்லை. போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘தேவதை காத்திருக்கிறாள்’ என்று பெயர் வைத்திருந்த கலைஞர், அதைச் சரிசெய்யாமல் ‘உடைந்தது’ என்று பெயரை மாற்றிவிட்டார். அந்தச் சிறுவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் தொடத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர்களின் கண் எங்கே இருந்தது என்பதுதான் என் கவலை.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் பள்ளி அழைத்துப்போகும் எந்தக் கண்காட்சிக்கும் துணைக்கு வருபவர்கள் நுழைவாயிலிலேயே போனை ஒப்படைத்துவிட வேண்டும். அவசரம் என்றால் பொறுப்பாசிரியரின் எண்ணுக்கு அழைக்கலாம். அந்த ஒரு போன் மட்டும் உள்ளே வரும், அதுவும் ஒலி அணைத்தபடி. பைகள் எல்லாம் பேருந்திலேயே இருக்கும். ஒவ்வொரு பெரியவருக்கும் ஆறு பிள்ளைகள். தன் பிள்ளையை மட்டும் கவனித்தால் போதும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது. எனக்கும் ஆசிரியர்களுக்கும் இதேதான். ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் துணைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏன் படம் எடுக்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறீர்கள், பிள்ளையோடு ஒரு பகல் முழுக்க இருப்பதே அபூர்வம், வீட்டில் தாத்தா பாட்டிக்குக் காட்ட வேண்டும். அதற்காகவே அடுத்த முறை எங்கள் ஓவிய ஆசிரியர், படம் எடுக்க அனுமதி உள்ள இடங்களில் ஒவ்வொரு குழுவையும் படம் எடுத்து அன்று மாலையே உங்களுக்கு அனுப்பிவைப்பார்.

அன்று எங்களுக்குக் கைகொடுத்த பெற்றோர் பலர். மயக்கம் வந்த பிள்ளையைக் கடைசி வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு நன்றி. ஒரு பெரிய வார்ப்புக் கண்ணாடியின் முன்னால் ஆறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, தானும் ஒரு மாணவனைப் போலக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு நன்றி. அந்தக் குழுவிலிருந்த ஆறாம் வகுப்பு மாணவி மறுநாள் இப்படி எழுதிக் கொடுத்தாள்: “உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தது. அது மேலே போகப் பார்த்தபோது கண்ணாடி இறுகிவிட்டது. நான் அதை ரொம்ப நேரம் பார்த்தேன்.” அந்தத் தாளை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கு வரும்போது கேளுங்கள், காட்டுகிறேன்.

நடந்ததற்கு அருங்காட்சியகத்துக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினோம். பெருந்தன்மையோடு, எட்டாம் வகுப்பையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. துணைக்கு வர விரும்புபவர்கள் அதன் கீழ்ப்பகுதியில் கையெழுத்திட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

விடுமுறை நல்லபடியாக அமையட்டும்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்