தட்டுகளை எரிக்க மாட்டேன்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அப்பாவின் வாழ்த்துகள். இங்கே அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். மாடி அறையில் நீ வைத்துவிட்டுப் போன இசைத்தட்டுகளை யாருக்கும் கொடுக்காமல் எரித்துவிடும்படி வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பியிருந்தாய். அதிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் கைபேசியில் வருவதை யார் யார் படிக்கிறார்கள் என்று தெரியாத காலம் இது. ஆகையால் தபாலில் எழுதுகிறேன். அதையும் அமெரிக்காவில் நீ இப்போது குடியேறியிருக்கும் வீட்டுக்கு அனுப்பாமல், உன் மருத்துவமனை முகவரிக்கே அனுப்புகிறேன்.

தட்டுகளை எரிக்க மாட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்கு இராப்பணி அதிகம், அதனால்தான் பேச நேரம் கிடைப்பதில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும்.

கடைசியாகப் பேசியபோது, அந்தப் பாடல்களின் தாளம் உலகத்துக்குரியது, அதைக் கேட்டால் ஆவிக்குரிய வாழ்க்கை கெட்டுவிடும் என்று உங்கள் சபை மூப்பர் சொன்னதாகச் சொன்னாய். இது புதிய போதனை அல்ல என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். கிறிஸ்தவ ராக் பாடகர் லாரி நார்மன் 1969இல் 'அப்பான் திஸ் ராக்' வெளியிட்டபோதும், லண்டனில் பதிவு செய்த 'ஓன்லி விசிட்டிங் திஸ் பிளானட்' 1972இல் வெளிவந்தபோதும், அமெரிக்கப் பிரசங்கிகள் பலர் இதையேதான் சொன்னார்கள். கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் பலவும் அவருடைய தட்டுகளை வாங்கி வைக்க மறுத்தன. நல்ல இசையை எல்லாம் பிசாசிடம் ஏன் விட்டுவிட வேண்டும் என்று அந்த மனிதர் பாட்டாகவே திருப்பிக் கேட்டார். பிற்பாடு அந்த 1972ஆம் ஆண்டுத் தட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இதற்குக் கடல் கடந்து போகவும் வேண்டாம். நம் நெல்லையில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களை, தஞ்சாவூருக்குப் புதிதாக வந்த மிஷனரிகள் ஆராதனையில் பாடக்கூடாது என்று தடுத்தார்கள். இன்று அவருடைய கீர்த்தனை ஒன்றாவது இல்லாமல் நம் கோயிலில் ஒரு ஞாயிறு கழிகிறதா? நீயே பாடகர் குழுவில் ஆல்ட்டோ வரிசையில் நின்று அவற்றைப் பாடி வளர்ந்தவள்தான். கோயிலின் அசன விருந்து நாளில் நீ தனியாகப் பாடியதை இன்றைக்கும் எடுத்துச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பணத்தை எல்லாம் பழைய தட்டில் போடுகிறாய் என்று அந்தக் காலத்தில் உன்னைக் கடிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். நீ விடுமுறைக்கு வந்து மாடியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்த பிறகுதான் அது வெறும் சேகரிப்புப் பைத்தியம் அல்ல என்று புரிந்தது. ஏதோ ஒரு சிற்றூர்ச் சபையின் வாலிபர் குழு, வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கிதாரை எடுத்துக்கொண்ட கன்னியாஸ்திரிகள், மனந்திரும்பிய ஹிப்பிகள் நாலு பேர், இவர்கள் தாங்களே காசு சேர்த்துச் சில நூறு தட்டுகள் மட்டும் அச்சிட்டு, ஆராதனை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு விற்றார்கள். கடைக்கே வராதவை அவை. பாடியவர்கள் முதுமையடைந்து வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் தட்டுகள் பழைய பொருள் கடைக்கு வந்து சேர்கின்றன. கலிபோர்னியாவின் அகாபே குழு 1971இல் வெளியிட்ட 'காஸ்பல் ஹார்டு ராக்', சாக்ரமெண்டோவின் அசைட்டிஸ் குழுவின் 'ஹெல்ப்' எல்லாம் இப்படி எந்தக் கடையிலாவது கண்ணில் படாதா என்று நீ தேடி அலைந்ததை எழுதுவாய். எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்களின் கேட்மன் குழு, கலைந்துபோகும் தறுவாயில் 1978இல் நண்பர்களின் நினைவுக்காகப் பதிவு செய்த தட்டு இன்று என்ன விலைக்குப் போகிறது என்று நீ சொன்னபோது அம்மா கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டாள். விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்ல அந்தப் பிள்ளைகள் தங்கள் கைக்காசைப் போட்டிருக்கிறார்கள். அதைப்போய் நெருப்பில் போடச் சொல்லும் ஆவி எந்த ஆவி என்று எனக்கு விளங்கவில்லை.

காசு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உன் சம்பளம் போடும் கணக்கு உன் ஒருத்தி பெயரிலேயே இருக்கட்டும். கூட்டுக் கணக்கு, பொதுக் கணக்கு என்று யார் சொன்னாலும் யோசித்துச் செய். பாஸ்போர்ட்டும் விசாத் தாள்களும் உன் கைப்பையிலேயே இருக்கட்டும். சாத்தான்குளத்துப் பெரியப்பா விஷயத்தில் கையெழுத்து என்ன பாடு படுத்தியது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் கீத் கிரீன் மீது எனக்கு இருக்கும் மரியாதை உனக்குத் தெரியும். நற்செய்திக்கு விலை வைக்கக்கூடாது என்று சொல்லி, 1980இல் வந்த தன் தட்டுக்கு, முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் சும்மா வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்து, அதன் செலவுக்காகத் தன் வீட்டை அடமானம் வைத்த மனிதர் அவர். ஊழியம் என்றால் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று நான் முதலில் பார்ப்பேன். தசமபாகம் கொடுப்பது நம் வீட்டில் தாத்தா காலம் முதலே உண்டு. அதற்கு மேல் கேட்கும் சபையில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறார்களா என்று நீ ஒருமுறை கேட்டுப் பார். கேட்பதில் குற்றம் இல்லை. நம் சேகரத்தில் அசன அரிசிக்குக்கூடக் கணக்கு வாசிக்கிறார்கள், அதிலும் சண்டை வருகிறது என்பது வேறு விஷயம்.

பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில், தனிப் பாலித்தீன் உறையில், ஆல் சேவ்டு ஃப்ரீக் பேண்டின் 'மை புவர் ஜெனரேஷன்' இருக்கிறது. 1973இல் வெளிவந்தது; நீ இருக்கும் ஒஹையோவிலேயே பிறந்த குழு. அந்த உறையின் மேல் 'இதை மட்டும் அப்பா பத்திரமாக வைத்திருக்க வேண்டும்' என்று நீ ஒட்டிய சிறு சீட்டு இன்னும் இருக்கிறது. கிளென் ஷ்வார்ட்ஸின் கிதாரைக் கேட்கச் சொல்லி எனக்கு முதலில் போட்டுக் காட்டியதும் அதுதான். ஜேம்ஸ் கேங் என்ற ராக் குழுவில் ஜோ வால்ஷுக்கு முன்பு வாசித்தவர், பிறகு பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் குழுவில் வாசித்தவர், இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்லிப் பெயரையும் புகழையும் உதறிவிட்டு ஒரு பிரசங்கியாரின் பின்னால் போனவர். முதுமையில் கிளீவ்லாந்தில் ஒரு மதுக்கூடத்தில் வியாழக்கிழமைதோறும் வாசித்துக்கொண்டும், நடு நடுவே பிரசங்கம் செய்துகொண்டும் இருந்தார். நீ அங்கே போன புதிதில் ஒரு வியாழக்கிழமை அவரைக் கேட்கப் போனாய்; மதுக்கூடத்துக்குப் போனாளே என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2018இல் அவர் மறைந்தபோது நீ எனக்கு எழுதிய கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். எழுதத் தெரிந்த பெண் நீ. இரண்டு வரியில் முடித்துக்கொள்பவள் அல்ல.

அந்தக் கடிதத்தில்தான் ஆல் சேவ்டு ஃப்ரீக் பேண்டின் மறுபக்கத்தையும் எழுதியிருந்தாய். பிரசங்கியாரைச் சுற்றிக் கூடியவர்கள் ஊருக்கு ஒதுங்கிய ஒரு பண்ணையில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான் போனார்கள். வயலின், செல்லோ வாசிக்கத் தெரிந்த, முறையாக இசை படித்த பெண்களும் போனார்கள். அவர்களுடைய நரம்பிசைதான் 1976இல் வந்த 'ஃபார் கிறிஸ்டியன்ஸ், எல்வ்ஸ் அண்ட் லவர்ஸ்' தட்டை அத்தனை அழகாக்குகிறது. பின்னால் வெளியே வந்தவர்கள் சொன்ன கதை வேறு: முதுகொடிய வேலை, அடி, வீட்டாரோடு அறுந்துபோன உறவு. ஷ்வார்ட்ஸின் குடும்பத்தார் ஆள் வைத்து அவரை மீட்டுக்கொண்டு வரப் பார்த்தார்கள். அவர் திரும்பவும் அங்கேயே போய்விட்டார். மூளைச்சலவை என்று உலகம் சொன்னதையே அந்தக் குழு ஒரு தட்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டது.

நேற்று இரவு 'மை புவர் ஜெனரேஷன்' தட்டை மறுபடியும் முழுவதும் கேட்டேன். பண்ணையில் நடந்த எதுவும் அந்தப் பாட்டில் கேட்காது. எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் கேட்காது. நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய காணொளியிலும் எல்லோரும் கையை உயர்த்தி, மலர்ந்த முகத்தோடு, மிக நன்றாகவே பாடுகிறார்கள். நீ மூன்றாவது வரிசையில் நின்றாய். மெலிந்திருப்பதாக அம்மா சொன்னாள். கேமராக் கோளாறு என்று நான் சொன்னேன்.

கூடி வாழ்வது எல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. சிகாகோவின் ஜீசஸ் பீப்பிள் யு.எஸ்.ஏ. கூட்டத்தாரும் ஒரே பணப்பையில்தான் குடும்பம் நடத்தினார்கள். அவர்களுடைய ரெசரெக்ஷன் பேண்ட் 1978இல் வெளியிட்ட 'அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை' உன் பெட்டியில் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளிலேயே சகலத்தையும் பொதுவாக வைத்து அனுபவித்தார்கள் என்றுதான் இருக்கிறது. ஆனால் தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் சீஷனாக இருக்க மாட்டான் என்ற லூக்கா பதினான்கை மட்டும் ஒருவர் உனக்கு அடிக்கடி வாசித்துக் காட்டினால், மாற்கு ஏழாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தடுத்தவர்களிடம் ஆண்டவர் என்ன சொன்னார் என்று அங்கே இருக்கிறது. உன் பணம் எங்களுக்கு வேண்டாம். பென்ஷன் போதுமானதாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் குரல் வேண்டும், பக்கத்தில் வேறு யாரும் இல்லாமல்.

நான் ஆள் வைத்து இழுத்து வரும் தகப்பன் அல்ல. உன் வயதுக்கும் படிப்புக்கும் நான் மதிப்புக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் எல்லோரும் கணக்குப் பாடத்தில் உன்னை மட்டம் தட்டியபோது நீ பிடித்த பிடிவாதத்தை நான் பார்த்திருக்கிறேன். உன்னை யாரும் எளிதில் ஏய்த்துவிட முடியாது என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஊருக்கு வருவதற்கான பயணச்சீட்டுப் பணத்தை உன் இந்தியக் கணக்கில் போட்டிருக்கிறேன். அது அங்கேயே கிடக்கட்டும். வேறு எதற்கும் எடுக்க வேண்டாம், யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

தட்டுகளைப் பற்றிக் கவலைப்படாதே. மேற்குச் சுவர் சூட்டில் இரண்டு தட்டுகள் வளையத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கீழே நடு அறை அலமாரிக்குக் கொண்டுவந்து, நீ சொன்னபடி படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கியிருக்கிறேன். இராமபாணப் பூச்சி ஓர் அட்டையின் ஓரத்தை அரித்துவிட்டது, அந்துருண்டை போட்டிருக்கிறேன். உனக்கு எரித்தே தீர வேண்டும் என்றால் நீயே வந்து, என் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை கேட்டுவிட்டு, அதன் பிறகு சொல். தீப்பெட்டியை நானே எடுத்துத் தருகிறேன்.

பதிலில் ஒன்றை மட்டும் தவறாமல் எழுது. ஆண்டு போடாத அந்த வாலிபர் குழுத் தட்டு, பின் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ தன் பெயரை எழுதி, தொண்ணூற்றொன்பது சென்ட் விலைச்சீட்டு ஒட்டியிருக்குமே, அதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் சில எண்கள் கீறப்பட்டிருக்கின்றன. சின்சினாட்டி ரைட் நிறுவனம் அச்சிட்டதென்றால் அந்த எண்ணைக் கொண்டே ஆண்டைக் கண்டுபிடிக்கலாம் என்று நீ சொல்லியிருந்தாய். இரு பக்கத்து எண்களையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அது எந்த ஆண்டு என்று பார்த்து, உன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா