பண்ணைப் பெயரைப் பிடித்துக்கொண்டு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். மருமகனுடைய முன்னோரைத் தேடுவதில் போகிறது. அவர்கள் பிரிட்டனில் வேல்ஸின் மேற்குப் பகுதியில், கார்டிகன்ஷயர் மலைச்சரிவுகளில் ஆடு வளர்த்த குத்தகைக்காரர்கள். பேத்திக்குத் தாய்வழிக் கதை மட்டும் தெரிந்தால் போதாது என்று மகள் சொன்னதால் எடுத்துக்கொண்ட வேலை இது.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியிலும், எழுதி வைக்க வேண்டும் என்று 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். ஆனால் வேல்ஸின் நாட்டுப்புறக் கோயில்களில் அந்தக் காலத்து ஏடுகள் மிஞ்சியவை மிகச் சில. ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய நகல்களும் 1660-களுக்கு முன் அநேகமாக இல்லை. மிஞ்சியவற்றில் பெரும்பகுதியை அபெரிஸ்ட்வித் நகரத் தேசிய நூலகத்தில் பார்க்கலாம்.

இங்கே குடும்பப் பெயரை நம்பித் தேடினால் ஒன்றும் நகராது. ஈவானின் மகன் டேவிட், டேவிட் ஈவான் ஆகிறான். அவன் மகன் ஜான், ஜான் டேவிட் ஆகிறான். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சில ஊர்களில் இவ்வழக்கம் இருந்தது. நிலையான பெயர் வந்த பின்னும் ஜோன்ஸ், டேவீஸ், ஈவான்ஸ் என்று ஒரு சில பெயர்களே எல்லாருக்கும். ஆகவே ஒரே பங்கில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது பண்ணையின் பெயர்தான். மருமகன் குடும்பத்தைப் பென்லான் வீட்டார் என்றே ஊரில் சொல்லியிருக்கிறார்கள்.

1813 முதல் அச்சிட்ட ஞானஸ்நானப் பதிவேடு வந்தது. பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தொழில், குருவின் பெயர் என்று கட்டம் கட்டியிருக்கும். அந்த வசிப்பிடக் கட்டத்தில் பென்லான் என்று சாய்வான கையெழுத்தில் கண்டதும் மற்ற ஜான்களெல்லாம் விலகிவிட்டார்கள். அதற்கு முன்னால் பண்ணைப் பெயரை எழுதுவதும் எழுதாததும் குருவின் மனம்போல. மேலும், 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த ஆண்டுகளில் யாராவது ஏழை என்று குறிக்கப்பட்டிருந்தால் நான் உடனே நம்பிவிடுவதில்லை.

பெரிய இடைவெளி, அன்றைய அரசுத் திருச்சபையான ஆங்கிலிகன் திருச்சபையில் சேராதவர்களின் சிற்றாலயங்களால் வருகிறது. கால்வினிய மெதடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1811-இல் அந்தத் திருச்சபையை விட்டுப் பிரிந்து தங்கள் ஊழியர்களைத் தாங்களே நியமித்துக்கொண்டார்கள். அதன்பின் அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைப் பங்குப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரையும் யூதர்களையும் தவிர மற்றவர்கள் ஆங்கிலிகன் கோயிலில்தான் சட்டப்படி மணம் முடிக்க முடிந்தது என்பதால், பிள்ளைப் பருவத்தில் காணாமல் போனவர் மணமகனாகத் திரும்பி வருகிறார், சாட்சிகளின் பெயரோடும், எழுதத் தெரியாவிட்டால் ஒரு பெருக்கல் குறியோடும். அந்தச் சாட்சிகளில் ஒருவர் அண்ணனாகவோ மைத்துனராகவோ இருப்பது உண்டு. ஆகவே அவர்களையும் குறித்துக்கொள்கிறேன்.

நில அளவைத் துறையில் இருந்த உங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது தசமபாக வரைபடம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்குச் செலுத்திய வரிக்கான வரைபடம். 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையப்பட்ட இதில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் உண்டு. உடன் வரும் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே உரிமையாளர், பயிரிடுபவர், வயலின் பெயர், பரப்பு எல்லாம் இருக்கும். பென்லானைப் பயிரிட்டவர் யார் என்பதை இதில்தான் உறுதிசெய்தேன். 1858-க்கு முந்தைய உயில்களையும் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மணமாகிப்போன மகள்களை அவற்றில்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

அடுத்துக் கோகர்தன், டிராஸ்கோய்ட் போன்ற பெரும் பண்ணையார்களின் குத்தகைச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும். மூன்று பேரின் ஆயுள் உள்ளவரை செல்லும் குத்தகைகள் அக்காலத்தில் இருந்தன. அந்த மூவரில் குத்தகைக்காரரின் பிள்ளைகளையும் சேர்ப்பது வழக்கம். பென்லானின் சீட்டு கிடைத்தால் நகலெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். வயல் பரப்பை ஏக்கரிலிருந்து நீங்கள்தான் சென்ட் கணக்கில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்