வளரும் ஊருக்கு எவ்வளவு நீர், எத்தனை ஆண்டுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நகரங்களின் நீர் உரிமை பற்றிய கட்டுரை, ‘ஊர் பெருகினால் ஒதுக்கீடும் பெருக வேண்டும்’ என்பதோடு நின்றுவிட்டது. எத்தனை ஆண்டுத் தேவைக்கு, எந்தக் கணக்கை வைத்து, யார் பங்கிலிருந்து என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. பயன்படுத்தாமல் விட்டால் அது பறிபோகும். வயலுக்கு இது சரி. 30 ஆண்டு கழித்து வரப்போகிறவர்களுக்காக இன்றே அணை கட்ட வேண்டிய ஊருக்குச் சரிவராது. அதனால், எதிர்காலத் தேவைக்கான உரிமையை இன்று பயன்படுத்தாமலே வைத்திருக்கலாம் என்று நகராட்சிகளுக்குத் தளர்வு தந்தார்கள். ஐடஹோ 1996இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. வாஷிங்டன் மாநிலத்தின் 2003 சட்டமோ, 15 வீட்டு இணைப்பு வைத்திருப்பவரையும் நகராட்சி வகையில் சேர்த்தது. வீட்டுமனை போட்டு விற்கும் தனியாருக்கும் கதவு திறந்தது இப்படித்தான். என் பார்வையில் அது தவறு.

கொலராடோ உச்ச நீதிமன்றம் 2007இல் பகோசா பகுதி நீர் வாரியங்களின் வழக்கில் பிடியை இறுக்கியது. 2100 வரைக்குமான தேவை என்று கேட்டவர்களிடம், நியாயமான திட்டக் காலம், ஆதாரமுள்ள மக்கள்தொகைக் கணிப்பு, கையிருப்புக்கு மேல் உண்மையில் தேவைப்படும் அளவு ஆகிய மூன்றையும் நிரூபிக்கச் சொன்னது.

கணிப்பில் ஏன் இவ்வளவு கறார்? இன்று 20,000 பேர் உள்ள ஊர் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் 50 ஆண்டில் சுமார் 54,000 பேர். 3 சதவீதம் என்றால் சுமார் 88,000. ஆளுக்கு 150 லிட்டர் வீதம், அந்த ஒரு சதவீத வித்தியாசம் நாளைக்கு 51 லட்சம் லிட்டர். அந்த வளர்ச்சி வராவிட்டால் அத்தனையும் காகிதத்தில் முடங்கும், அடுத்தவருக்கும் கிடைக்காது. கொலராடோவில் 6 ஆண்டுக்கு ஒருமுறை, திட்ட வேலை நடப்பதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உரிமை ரத்து. எந்த நாட்டுச் சட்டத்திலும் இருக்க வேண்டிய விதி இது.

ஆற்றில் மிச்சமே இல்லாத இடத்தில், வயலின் உரிமையை ஊர் விலைக்கு வாங்குகிறது. பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. மதகில் 100 பங்கு எடுத்தால் பயிர் 60 பங்கைக் குடிக்கும் என்று வையுங்கள். மீதி 40 கசிந்தும் வடிந்தும் ஆற்றுக்குத் திரும்பி, கடைமடைக்குப் பாயும். பத்திரத்தில் 100 இருக்கிறதே என்று ஊர் அத்தனையையும் குழாயில் ஏற்றி வேறு படுகைக்குக் கொண்டுபோனால், கடைமடைக்காரர் அந்த 40-ஐ இழப்பார். பயிர் குடித்த 60-ஐ மட்டுமே மாற்றலாம். அதையும் சாகுபடிப் பரப்பு, பயிர் வகை, வறட்சி ஆண்டுகள் எல்லாம் அடங்கிய பல ஆண்டுப் பதிவிலிருந்து கணக்கிட வேண்டும்.

காலக் கணக்கு இன்னொன்று. வயலில் இறங்கிய நீர் மண்ணுக்குள் ஊர்ந்து, அறுவடை முடிந்து மாதக்கணக்கில் கழித்துக்கூட ஆற்றில் ஊறும். பாசனம் நின்றால் அந்த ஊற்றும் நிற்கும். அதை ஈடுகட்ட ஊர் தன் நீர்த்தேக்கத்திலிருந்து எந்த மாதம் எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்ற அட்டவணை, உரிமையை ஊருக்கு மாற்றும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். அட்டவணையும் மதகில் அளவுமானியும் இல்லாத மாற்றத்துக்கு ஒப்புதல் தரவே கூடாது.

இப்படிக்கு,
நீர்ப் பங்கீட்டுப் பணியில் உள்ள ஒரு வாசகர்