வெடிப்பலா நாற்று

அன்பு மகள் கயலுக்கு,

நீ ஏற்பாடு செய்த காட்டு விடுதியில் மூன்று நாள் தங்கிவிட்டு நேற்றுதான் பொள்ளாச்சி வந்து சேர்ந்தோம். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவும் அப்பாவைப் படுத்திவிட்டன. மேலே போனதும் சரியாகிவிட்டார்.

வால்பாறை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் தேயிலைக்கு அந்தப் பக்கம் இருந்த மழைக்காட்டுக்குள் ஒருநாள்கூடப் போனதில்லை. யானை பயம்.

அறையில் ஏசி, டிவி கிடையாது. வெந்நீர் சூரிய வெப்பத்தில்தான். குளித்த தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. மிச்சச் சோற்றில் ஒரு பருக்கை வெளியே விழ விடுவதில்லை, குரங்குகள் பழகிவிடுமாம். எட்டு மணிக்கு வெளி விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். அந்த இருட்டில் ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கினேன்.

இரண்டாம் நாள் காலையில் இருவாச்சிப் பறவை பார்த்தோம் கயல்! முதலில் இறக்கைச் சத்தம், பழைய ரயில் என்ஜின் மூச்சு விடுவதுபோல. பெண் பறவை மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு வாசலை அடைத்துவிடுகிறது. ஒரு கீறல்தான் இடைவெளி. மூன்று நான்கு மாதம் உள்ளேயே இருக்குமாம். ஆண் வந்து உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக மேலே கொண்டுவந்து அந்தக் கீறலில் நீட்டியது. உள்ளேயிருந்து அலகு நுனி மட்டும் வந்து வாங்கிக்கொண்டது. 17 பழம் எண்ணினேன். அது பறந்து போகும்வரை அப்பா என் கையை விடவில்லை.

அப்புறம் நாற்றங்கால். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 20 வருஷத்துக்கு மேலாக இந்த மலையில் அழிந்த மழைக்காட்டை மீட்கும் வேலையைச் செய்கிறது. விடுதிக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் நாற்று போட்டிருக்கிறார்கள். என் தாத்தா தேயிலை போடுவதற்காகக் காடு வெட்ட வந்தவர். நாங்கு, வெடிப்பலா, கருங்குங்கிலியம் என்று வெட்டிய மரங்களின் பேரைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். கூலிக்கு வந்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேர்களை நாற்றுப் பையில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெடிப்பலா இல்லாவிட்டால் சிங்கவால் குரங்குக்குச் சாப்பாடே திண்டாட்டமாம். முழங்கால் உயர நாற்று ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், இலையின் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் மினுங்கியது.

ஆனி மழை பிடித்ததும் நடுவார்கள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஜூன் கடைசியில் உனக்கு லீவு கிடைக்குமா? மழையில் அட்டை ஏறும், முட்டி வரைக்கும் துணி உறை அங்கேயே தருகிறார்கள். குட்டிப் பையன் காலுக்கு அளவு இருக்காது. அளவெடுத்து அனுப்பு, நான் தைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா