குழாய் ஓடும்போது ஐம்பது பேருக்குத்தான் வேலை

ஆசிரியருக்கு,

கைவிடப்பட்ட கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாயை மறுபடி போட வேண்டும் என்ற உங்கள் தலையங்கம் வேலைவாய்ப்பையே முக்கியக் காரணமாகச் சொல்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் வரை நாளொன்றுக்கு 8,30,000 பீப்பாய் கொண்டுபோக நினைத்த அந்தத் திட்டத்தால் கட்டுமானக் காலத்தில் நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 42,000 வேலைகள் கிடைக்கும் என்று 2014-இல் சொன்ன அதே அமெரிக்க வெளியுறவுத் துறை அறிக்கைதான், குழாய் ஓடத் தொடங்கிய பிறகு ஏறத்தாழ 50 பேருக்குத்தான் வேலை இருக்கும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது எண்ணை யாரும் பேசுவதே இல்லை.

நான் ஆல்பர்ட்டாவின் கால்கரி நகரில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வெல்டர், குழாய் வேலையை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர். 2021 ஜனவரி 20 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் குழாய்க்கான அனுமதியை ரத்து செய்தார், அந்தக் கோடைக்குள் வீடு கைமாறிவிட்டது. அவர் பிள்ளைகள் பள்ளியைப் பாதியில் விட்டுப் போனது இன்னும் மனதை அறுக்கிறது. சரி, மறுபடி குழாய் போடத்தான் போகிறார்கள் என்றால், பாதியில் நின்றாலும் தொழிலாளர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் தரும்படி நிறுவனத்திடம் முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு அனுமதி கொடுங்கள்.