வேலியில் படர்ந்த இரு கொடிகள்

ஆசிரியருக்கு,

தாவரப் பரிணாமம் பற்றிய உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை, இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டது, அது குறைதான். 1986-இல் புகையிலையில் முழுமையாகப் படிக்கப்பட்ட அதன் டிஎன்ஏ, சுமார் 1,56,000 எழுத்து நீளம். பரிணாமத்தில் செடி எதை இழந்தது என்பதும் அதில் தெரியும்; இதோ ஓர் உதாரணம். வேலியில் மஞ்சள் நூலாய்ப் படர்ந்த எதைக் காட்டினாலும் என் மாணவர்கள் ‘கொத்தான்’ என்றே சாதிப்பார்கள். (நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.) கொத்தான் இலவங்கப்பட்டைக் குடும்பம், அதைப் போலவே தோன்றும் அம்மையார் கூந்தலோ சர்க்கரைவள்ளிக் குடும்பம். தனித்தனியாக ஒட்டுண்ணியான இரண்டுமே, பசுங்கணிக டிஎன்ஏவில் ஒளிச்சேர்க்கைக்குத் துணைநிற்கும் ‘என்டிஹெச்’ என்ற மரபணுக்களைக் கைவிட்டிருக்கின்றன.

அடுத்த முறை இவ்விரண்டின் பூக்களையும் அருகருகே, ஊர்ப் பெயர்களோடு வண்ணப்படமாக வெளியிடுங்கள். வகுப்பில் ஒட்டிவைக்க உதவும்.

– ஒரு தாவரவியல் ஆசிரியர்